படுத்தால் கால் உளைகிறது, நடந்தால் நிற்கிறது: யாருக்காவது இப்படி இருக்கிறதா?

மாடித்தோட்டம் | செவ்வாய், அதிகாலை 1:50

மணியைப் பாருங்கள். இந்த நேரத்தில் நின்றுகொண்டே டைப் அடிக்கிறேன். ஃபோன் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது, நான் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறேன்.

வயது 43, கரூர். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி பத்தரைக்குப் படுத்துக் கண் செருகும் நேரம் பார்த்து ஆரம்பிக்கும். முழங்காலுக்குக் கீழே, சதைக்கு உள்ளே. வலி என்று சொல்ல முடியாது. டாக்டர் "எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்" என்றால் விரல் வைக்க ஓர் இடம் கிடைக்காது. எலும்புக்குள் சோடா பொங்குகிற மாதிரி ஒரு நமநமப்பு. காலை உதறினால் ஒரு நிமிடம் சும்மா இருக்கும், திரும்ப வரும். எழுந்து நடந்தால் சுத்தமாக நின்றுவிடும். பூஜை அலமாரியிலிருந்து வாஷிங் மெஷின் வரை பதினாறு டைல்ஸ். எண்ணி வைத்திருக்கிறேன். தூங்கிய பிறகும் இருபது முப்பது வினாடிக்கு ஒரு தடவை உதைக்கிறேனாம், வீட்டுக்காரர் இப்போது ஹாலில் படுக்கிறார்.

என் அம்மாவுக்கும் இது இருந்தது என்று இப்போதுதான் உறைக்கிறது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, கெண்டைக்காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் படுப்பார். கேட்டால் "வேலை செஞ்ச உளைச்சல்" என்பார். ஆனால் நான் நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டினால் மட்டும் "காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று தொடையில் ஒரு தட்டு விழும்.

இரண்டு டாக்டர் பார்த்தாயிற்று. ஒருவர் கால்சியமும் தைலமும் கொடுத்தார். இன்னொருவர் "டென்ஷன்தான், தூங்கினால் சரியாகும்" என்று தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். அதைப் போட்டதிலிருந்து இன்னும் மோசம். சர்க்கரை, தைராய்டு நார்மல். ஹீமோகுளோபின் 12.2, அதுவும் நார்மலாம்.

ஓய்வுபெற்ற_லாரி | செவ்வாய், காலை 6:15

தங்கச்சி, எனக்கும் இருந்தது. ராத்திரி கெண்டைச் சதை உருண்டு கல் மாதிரி ஆகிவிடும், உயிர் போகும். தினம் ஒரு வாழைப்பழம், படுக்கை விரிப்புக்குக் கீழே ஒரு குளியல் சோப்பு. மூன்றே நாள். சோப்பு எப்படி வேலை செய்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், வீட்டுக்காரி வைத்தாள், நின்றுவிட்டது.

டயாலிசிஸ்_சிஸ்டர் | செவ்வாய், காலை 7:40

அண்ணா, உங்களுக்கு வந்தது கெண்டை பிடிப்பு. சதை இறுகும், தொட்டால் கட்டி மாதிரி தெரியும், நீவிவிட்டு நீட்டினால் விடும். மாடித்தோட்டம் அக்கா சொல்வது வேறு. இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று பெயர், சுருக்கமாக ஆர்.எல்.எஸ். டயாலிசிஸ் யூனிட்டில் பதினொரு வருடமாக இருக்கிறேன், தினமும் பார்க்கிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இது சாதாரணமாக வரும். நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருக்க வேண்டும். மூன்றாவது மணி நேரம் நெருங்கும்போது சிலர் கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கப்போட்டு ஆட்டுவார்கள், சிலர் கெஞ்சுவார்கள், "சிஸ்டர், அஞ்சு நிமிஷம் கழட்டிவிடுங்க, நடந்துட்டு வர்றேன்" என்று. ஊசி குத்திய கையோடு எங்கே நடப்பது? பக்கத்தில் உட்கார்ந்து காலை அழுத்திப் பிடித்துக்கொள்வேன்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் தேவையில்லை, கேள்விதான். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் வருகிறதா? சும்மா இருக்கும்போது கூடுகிறதா? அசைத்தால், நடந்தால் அந்த நேரத்துக்காவது குறைகிறதா? சாயங்காலத்துக்கு மேல்தான் மோசமா? கெண்டை பிடிப்பு, வெரிகோஸ், சர்க்கரையால் வரும் பாத எரிச்சல் போன்ற வேறொன்று இதே மாதிரி வேஷம் போடவில்லை என்றும் பார்க்க வேண்டும். அக்கா, நீங்கள் எழுதியதில் எல்லாமே இருக்கிறது. அம்மாவுக்கும் இருந்தது என்றால் இன்னும் உறுதி, குடும்பத்தில் ஓடுகிற விஷயம் இது. தூக்கத்தில் உதைப்பதும் இதோடு சேர்ந்ததுதான், பத்தில் எட்டுப் பேருக்கு உண்டு.

ஒரு கேள்வி. ஃபெரிட்டின் பார்த்தீர்களா? ஹீமோகுளோபின் இல்லை, ஃபெரிட்டின்.

மாடித்தோட்டம் | செவ்வாய், காலை 8:05

இல்லை சிஸ்டர். இரண்டும் ஒன்று என்று நினைத்தேன்.

டயாலிசிஸ்_சிஸ்டர் | செவ்வாய், மதியம் 2:30

டூட்டி முடிந்து எழுதுகிறேன். ஹீமோகுளோபின் என்பது அடுக்களை டப்பாவில் இருக்கும் அரிசி. ஃபெரிட்டின் மூட்டையில் இருக்கும் அரிசி. மூட்டை காலியாகிக்கொண்டே வந்தாலும் கடைசிப் படி வரை டப்பா நிறைந்துதான் இருக்கும். அதனால் "ரத்தம் நார்மல்" என்று ரிப்போர்ட் வரும்போதே உள்ளே இரும்பின் இருப்பு தீர்ந்திருக்கலாம். டோபமின் என்பது அசைவைக் கட்டுப்படுத்த மூளை பயன்படுத்தும் ஒரு ரசாயனம், அதைத் தயாரிக்க இரும்பு வேண்டும். ஆர்.எல்.எஸ். இருப்பவர்களின் மூளையில், டோபமின் சுரக்கும் பகுதியில், இரும்பு குறைவாக இருப்பதை எம்.ஆர்.ஐ.யிலும் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் இரும்பு சரியாக இருந்தும் மூளைக்குள் குறைவாக இருப்பவர்களும் உண்டு. ரத்தத்தில் ஓடும் இரும்பு ராத்திரியில் இறங்குவது எல்லா உடம்புக்கும் வழக்கம், அதனால்தான் இந்தப் பத்தரை மணிக் கணக்கு என்கிறார்கள்.

லேப் ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் 15, 20 இருந்தாலே சில இடங்களில் "நார்மல்" என்று அச்சடித்து வரும். அந்த அளவு பொதுவான ஆளுக்கு. ஆர்.எல்.எஸ். இருந்தால் 75 வரைக்கும் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முந்தின நாள் நிறுத்திவிடுங்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது கொடுக்காதீர்கள், அப்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். கூடவே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் பாருங்கள், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு அது, 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் அதுவும் குறைவுதான்.

எதிர்க்கேள்வி | செவ்வாய், மாலை 5:10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கால் உளைச்சல் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்தது. நம் பாட்டிமார் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு தூங்கினார்கள். அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்து மாத்திரை விற்பது மருந்துக் கம்பெனிகளின் வேலை. 2005-ல் அமெரிக்காவில் ரோபினிரோல் மாத்திரையை இதற்கென்று விற்க அனுமதி கிடைத்தது, அதற்குப் பிறகுதான் ஊரெல்லாம் டி.வி. விளம்பரம், "உங்கள் கால் ஓயவில்லையா?" என்று.

டயாலிசிஸ்_சிஸ்டர் | செவ்வாய், இரவு 9:00

விளம்பரம் பற்றிச் சொல்வது உண்மைதான் சார், லேசாகக் காலாட்டுகிறவர்களையும் நோயாளி ஆக்கினார்கள் என்ற விமர்சனம் அப்போதே வந்தது. ஆனால் நோய் 2005-ல் பிறக்கவில்லை. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672-லேயே எழுதிவிட்டார், படுக்கையில் கை கால் துள்ளி, சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவர்கள் போலத் தூங்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று. 1945-ல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஆக்செல் எக்போம் விரிவாக எழுதி இந்தப் பெயரை வைத்தார். அப்போது எந்தக் கம்பெனியிடமும் இதற்கு மாத்திரை இல்லை. பாட்டிமார் தூங்கினார்கள் என்பதை மட்டும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். மாடித்தோட்டம் அக்காவின் அம்மா வேட்டியைக் கட்டிக்கொண்டு படுத்தது தூக்கம் வந்தா, வராமலா?

எதிர்க்கேள்வி | செவ்வாய், இரவு 9:25

அந்த வேட்டி விஷயம் சரி. ஒப்புக்கொள்கிறேன்.

மருந்துக்கடை | செவ்வாய், இரவு 11:20

கடை சாத்திவிட்டு வந்து படித்தேன். மாடித்தோட்டம் மேடம், தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையின் பெயர் என்ன? அட்டையைத் திருப்பிப் பார்த்து, சின்ன எழுத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். வேறு எதுவும், "அது மாத்திரைக் கணக்கிலேயே வராது" என்று நினைத்துப் போடுவது உண்டா?

மாடித்தோட்டம் | புதன், அதிகாலை 12:35

அமிட்ரிப்டிலின் 10. கணக்கில் வராதது என்றால், எனக்குப் பஞ்சுத் தூசி ஆகாது. தும்மல் ஆரம்பித்தால் நிற்காது. தெருமுனைக் கடையில் ஒரு சளி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், வாரத்தில் நான்கைந்து ராத்திரி போடுவேன். நன்றாகத் தூக்கம் வரும் என்று ஒரு சாக்கு. அட்டையில் குளோர்பெனிரமைன் என்று இருக்கிறது.

மருந்துக்கடை | புதன், காலை 7:00

நினைத்தேன். இரண்டுமே இந்தக் காலுக்கு ஆகாதவை.

தூக்கம் வரவழைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் மூளைக்குள் போகும், ஆர்.எல்.எஸ்.ஸைக் கிளறிவிடும். குளோர்பெனிரமைன், டைஃபென்ஹைட்ரமின் எல்லாம் அந்த ரகம். சளி மாத்திரை, இருமல் சிரப் பாதியில் இவை கலந்திருக்கும். அமிட்ரிப்டிலினும், மன அழுத்தத்துக்குத் தரும் பல மாத்திரைகளும் இப்படித்தான், மிர்டாசபின் அதில் பேர்போனது. வாந்தியை நிறுத்தத் தரும் மெட்டோகுளோபிரமைட் டோபமினையே தடுக்கிறது. ஆஸ்பத்திரியில் அந்த ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரி முழுக்க நடந்தேன் என்று சொன்னவர்கள் உண்டு. டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது, அதனால் இவர்களுக்கு அதுதான் தேவலை.

இதில் உள்ள கொடுமை என்னவென்றால், தூக்கம் வரவில்லை என்று வருகிறவருக்கு இதே மாத்திரைகளைத்தான் எழுதுவார்கள். கடையில் நாங்களும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், அதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

சளி மாத்திரையை இன்றைக்கே நிறுத்தலாம். தும்மலுக்கு ஃபெக்ஸோஃபெனடின் மாதிரி தூக்கம் வராத ரகம் கேளுங்கள். அமிட்ரிப்டிலினை மட்டும் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடமே போய் "இதைப் போட்டால் கால் கூடுகிறது" என்று சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ_பிள்ளை | புதன், மாலை 6:45

டொரோண்டோவில் இருந்து எழுதுகிறேன் அக்கா, ஊர் யாழ்ப்பாணம். எங்கள் பக்கம் இதைக் கால் உளைவு என்பார்கள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதத்துக்குப் பிறகு படுக்கவே விடவில்லை. பனிக்காலம், வெளியில் போய் நடக்கவும் வழியில்லை. மாடிப்படியில் ஏறி இறங்குவேன். மாமியார் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிக் காலுக்குள் வைத்துவிடுவா. பிள்ளை பிறந்து இரண்டு கிழமையில் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. கர்ப்ப காலத்தில் வருவது பெரும்பாலும் அப்படித்தான் போகும் என்று மிட்வைஃப் சொன்னா. எனக்கும் இரும்புதான் குறைவாக இருந்தது.

பீளமேடு_வாத்தியார் | வியாழன், காலை 5:30

நான் பேச வேண்டிய இடம் வந்துவிட்டது போலிருக்கிறது. வயது 67, கோயம்புத்தூர்.

எனக்கு ஆர்.எல்.எஸ். என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தது எட்டு வருடத்துக்கு முன்னால். பிராமிபெக்ஸோல் 0.125. முதல் ராத்திரியே அதிசயம். இருபது வருட உளைச்சல் ஒரு கடுகு மாத்திரையில் போய்விட்டது. அந்த டாக்டரைக் கும்பிட்டேன்.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம், ராத்திரி பத்து மணிக்கு வந்தது எட்டுக்கு வர ஆரம்பித்தது. டோஸ் கூட்டினார்கள், அடங்கியது. பிறகு ஆறு மணிக்கு. மறுபடி கூட்டினார்கள். ஐந்தாவது வருடம் மத்தியானம் மூன்று மணிக்கே சாய்வு நாற்காலியில் உட்கார முடியவில்லை, கைகளிலும் வந்துவிட்டது. நோய் முற்றுகிறது என்று நானும் நினைத்தேன், அவர்களும் நினைத்தார்கள். நோய் இல்லை அம்மணி, மாத்திரை. அணைக்க ஊற்றிய தண்ணீரே எண்ணெய் ஆனது போல. இதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர். டோபமினைப் போல வேலை செய்யும் மாத்திரைகளை வருடக்கணக்கில் எடுப்பவர்களில் நிறையப் பேருக்கு வரும்.

இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் பீடி, சீட்டு எதுவும் தொடாதவன். மாத்திரை கூட்டிய காலத்தில் ஃபோனில் ரம்மி ஆட ஆரம்பித்தேன். ராத்திரி தூக்கம் வராத நேரத்துக்கு என்று தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் ஓய்வூதியத்தில் சேர்த்ததில் பெரும்பகுதி போய்விட்டது. மகன் வங்கிக் கணக்கைப் பார்த்துக் கேட்டபோது எனக்கே பதில் தெரியவில்லை. சூதாட்டம், கண்டபடி வாங்கிக் குவிப்பது, இப்படிக் கட்டுப்படாத ஆசைகளை அந்த மாத்திரை கிளப்பும் என்பது அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அச்சிட்டே இருக்கிறது. ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

வேறு நரம்பியல் டாக்டர் ஒருவர் மூன்று மாதம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கடைசி அளவை நிறுத்திய பத்து நாள் நரகம், சுத்தமாகத் தூக்கம் இல்லை. இப்போது ப்ரீகாபாலின் என்ற வேறு ரக மாத்திரையில் இருக்கிறேன். எடை நான்கு கிலோ ஏறியிருக்கிறது, காலையில் எழுந்ததும் லேசாகத் தள்ளுகிறது, அதனால் பாத்ரூம் வாசலில் ஒரு பிடிகம்பி போட்டிருக்கிறேன். ஆனால் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ரம்மி, மாத்திரை நின்ற மாதமே தானாக விட்டுப்போனது.

எதிர்க்கேள்வி | வியாழன், காலை 9:15

வாத்தியார் ஐயா, நான் முதலில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதே. விளம்பரம் செய்து விற்றது இந்த ரக மாத்திரையைத்தானே?

டயாலிசிஸ்_சிஸ்டர் | வியாழன், மதியம் 3:00

இந்த இடத்தில் உங்களுக்கே மார்க். 2025 ஜனவரியில் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. முன்பு எல்லோரும் முதலில் கொடுத்த பிராமிபெக்ஸோல், ரோபினிரோல், தோலில் ஒட்டும் ரோடிகோடின் பட்டை ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று அதில் சொல்லிவிட்டார்கள். முதல் வரிசையில் இப்போது கபாபென்டின், ப்ரீகாபாலின் வகை. இரும்பு குறைவாக இருந்தால் இரும்பு, தேவைப்பட்டால் நரம்பு வழியாக. இன்னும் சில டாக்டர்கள் பழைய பழக்கத்தில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. இப்போது பிராமிபெக்ஸோல் எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்திவிடாதீர்கள். வாத்தியார் ஐயா மூன்று மாதம் எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். அதேபோல் சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கபாபென்டினும் ப்ரீகாபாலினும் மிகக் குறைந்த அளவில்தான் தர வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் தேங்கி மயக்கம் தட்டும். அடுத்தவர் டோஸைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற_லாரி | வியாழன், இரவு 8:30

அப்போ சோப்பு?

டயாலிசிஸ்_சிஸ்டர் | வியாழன், இரவு 8:50

சோப்பு இருந்துவிட்டுப் போகட்டும் அண்ணா, விரிப்பு வாசமாவது இருக்கும்.

மாத்திரை இல்லாமல் என்ன செய்யலாம் என்றால்: படுக்கப் போகும் முன் கெண்டைக்காலை நீட்டி மடக்குவது, வெந்நீர் அல்லது குளிர்ந்த நீர் எது ஒத்துக்கொள்கிறதோ அது, அழுத்திப் பிடித்துவிடுவது. பலருக்குச் சாயங்காலக் காபியும் மதுவும் கூட்டும், விட்டுப் பாருங்கள். மனது எதிலாவது ஊன்றி இருந்தால் உளைச்சல் அடங்கும், இது பலர் கவனிக்காதது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் சீட்டைத் தேடாமல் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து, குறுக்கெழுத்தோ சுடோகுவோ போடுங்கள். மெக்னீசியம் பற்றிக் கேட்பீர்கள், வலுவான ஆதாரம் இல்லை.

மாடித்தோட்டம் | பன்னிரண்டாம் நாள், இரவு 9:40

ரிசல்ட் வந்துவிட்டது. ஃபெரிட்டின் 9. சாச்சுரேஷன் 11 சதவீதம். ரிப்போர்ட்டை லேபிலேயே இரண்டு தடவை படித்தேன். நிலைமை என்னவென்றால், எனக்கு மாதவிலக்கு ஏழெட்டு நாள் போகும், கட்டி கட்டியாக. எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். புது டாக்டர் ஒரு பெண்மணி, முதல் கேள்வியே அதுதான். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருக்கிறது.

சளி மாத்திரை நிறுத்தி பத்து நாள், அமிட்ரிப்டிலின் நிறுத்தி ஆறு நாள். பாதி குறைந்திருக்கிறது, இரும்பு இன்னும் ஒரு மில்லிகிராம் ஏறாமலே. மருந்துக்கடை சாருக்கு நன்றி.

முருங்கைக்கீரை, ஆட்டுச் சுவரொட்டி, கேழ்வரகு என்று மாமியார் பட்டியல் போட்டுவிட்டார். அது போதுமா?

டயாலிசிஸ்_சிஸ்டர் | பன்னிரண்டாம் நாள், இரவு 10:15

9 என்பது காலி மூட்டை அக்கா. சாப்பாடு இனிமேல் குறையாமல் பார்த்துக்கொள்ள உதவும், காலி மூட்டையை நிரப்ப அது மட்டும் போதாது. மாத்திரை தந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே வேளை போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தினமும் போடுவதைவிட அப்படிப் போட்டால் குடல் நன்றாக உறிஞ்சுகிறது. எலுமிச்சைச் சாறோடு விழுங்குங்கள். டீ, காபி, பால், அந்தக் கால்சியம் மாத்திரை எதுவும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். நம் ஊரில் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருக்கிறதே, இரும்புக்கு அதைவிட எதிரி கிடையாது.

மாடித்தோட்டம் | பதினோராவது வாரம், இரவு 10:50

தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். மாத்திரை மூன்று வாரம் போட்டேன், வயிறு கல்லாகிவிட்டது. அதனால் இரும்பை நரம்பு வழியாக ஏற்றினார்கள், ஃபெர்ரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1,000 மில்லிகிராம். டீக்கலரில் ஒரு பாட்டில், பதினைந்து இருபது நிமிடம்தான், பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்றிருந்தது. நான்காவது வாரம் ஒருநாள் காலையில் அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். இப்போது வாரத்தில் ஒருநாள் லேசாக வருகிறது. வீட்டுக்காரர் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார், குறட்டையோடு. ஃபைப்ராய்டுக்குத் தனியாக வைத்தியம் நடக்கிறது.

இன்னொன்று. அம்மாவுக்கு 71. இன்னும் வேட்டித் துணிதான். போன வாரம் அவருக்கும் ரத்தம் எடுத்தோம், ஃபெரிட்டின் 14. எனக்குத் தந்த மாத்திரை மிச்சம் இருக்கிறது, கொடுக்கலாமா?

டயாலிசிஸ்_சிஸ்டர் | பதினோராவது வாரம், இரவு 11:05

கொடுத்து மூடிவிடாதீர்கள் அக்கா. உங்களுக்கு ரத்தம் போகும் வழி தெரிந்தது. மாதவிலக்கு நின்று இருபது வருடமான ஒருவருக்கு 14 என்றால் இரும்பு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூட்டுவலி மாத்திரை அதிகம் போடுவாரா? ரத்தம் கசியும் வயிற்றுப் புண், குடலில் கட்டி எதுவும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். குடல் டாக்டரிடம் காட்டி, எண்டோஸ்கோப்பியும் கொலோனோஸ்கோப்பியும் தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

மாடித்தோட்டம் | பதினோராவது வாரம், இரவு 11:20

மூட்டுவலி மாத்திரை தினம் போடுகிறார். ஐந்து வருடமாக. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். சொன்னதும் அம்மா கேட்டது, "காலுக்குப் போய் எதுக்குடி வயித்துல குழாய் விடணும்?"